சகனில் என் பக்கம்

எழுபத்தாறில் குவைத்திலிருந்து லீவுக்கு வந்த என் வீட்டுக்காரரை இனித் திருப்பி அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஊருக்கு அவர் குவைத் அலியார். புதுநகரம் கடைவீதியில் கொழுந்தன் ஜவுளிக்கடை வைத்துக்கொண்டு, கூட்டுக்கு வா வா என்று கூப்பிடுகிறான். அப்புறம் கடல் தாண்டிப் போவானேன்? வாயால் சொன்னால் முறுக்கிக்கொள்வார். அதனால் சமைத்தேன். தேங்காய்ச்சோறு, ஆட்டுக்கறி ஆணம், இடியாப்பம் என்று தினமும் பெருநாள்தான்.

மனுஷன் பாதித் தட்டோடு எழுந்துவிடுவார். தன் பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, நல்ல கறித்துண்டையெல்லாம் தட்டின் எதிர்ப்பக்கம் ஒதுக்கி வைத்திருப்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, அந்த ஊருச் சோத்துல அப்படி என்னதான் இருக்குது?" என்று கேட்டேவிட்டேன்.

"நாளைக்கு நீ அடுப்புப் பக்கம் வராத கௌலத்து. நான் ஆக்கிப் போடறேன்" என்றார்.

மறுநாள் பெட்டியிலிருந்து காய்ந்து கறுத்த எலுமிச்சங்காய்களை எடுத்தார். பெரிய கொட்டைப்பாக்கு மாதிரி இருந்தன. கறியோடு அவற்றைக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே அரிசியைப் போட்டார். தேங்காய் கிடையாது, மிளகாய் பேருக்குத்தான். கல்யாணத்தில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய சகன் தட்டை இறக்கி, அத்தனையையும் அதில் கொட்டினார்.

"வா, நீயும் உக்காரு."

எங்கள் வீடுகளில் ஆண்கள் எழுந்த பிறகுதான் பெண்களுக்குச் சோறு. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சகனில் உட்கார்ந்து நான் கேள்விப்பட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஒரே புளிப்பு, அடியில் கொஞ்சம் கசப்பு. அவர் தின்றுகொண்டே கறித்துண்டுகளை விரலால் என் பக்கம் தள்ளினார். தள்ளுகிற நினைப்பே அவருக்கு இல்லை.

"அங்க ரூம்ல எல்லாருக்கும் ஒரே தட்டுத்தான். நல்ல துண்ட அடுத்தவனுக்குத் தள்ளோணும், அதுதான் மொறை. தனித்தட்டுல எனக்குச் சோறே எறங்க மாட்டேங்குது புள்ள."

பாவி மனுஷன், இத்தனை வருஷமாக நான் இங்கே தனியாகத் தின்றேனே, அதை ஒருநாளாவது நினைத்திருப்பாரா? அழுகை முட்டியது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. வியாதி இவ்வளவுதானா? தினமும் சகனில் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது.

"எனக்கும் சொல்லிக் குடுங்க. தெனமும் நானே ஆக்கறேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கென்ன, சொல்லித் தர்றேன். இந்த எலுமிச்சதான் இங்க கெடைக்காது. பரவால்ல, அங்க போனதும் அனுப்பி வெக்கறேன்."

இன்னொரு நல்ல துண்டு என் பக்கம் வந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்க்க வேண்டும் போல எனக்கு ஏக்கமாக இருந்தது.