வசுந்தரா வரைந்த ரயில் படம்

மாலைப் பேப்பரில் வசுந்தராவின் கார்ட்டூன் வந்த அன்று, மதுரை கீழவாசலில் அதை விரித்துப் பார்த்தவருக்கு ரயிலிலிருந்து இறங்கியவர்கள் கையில் அரிவாள் இருந்தது. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவருக்கு அதே கைகளில் பிள்ளைகள் இருந்தார்கள். பேப்பர் ஒன்றுதான், மையும் ஒன்றுதான். ஒருவர் பார்க்கும்போது கோடுகள் ஒரு பக்கமாக நகர்ந்து நின்றன, அடுத்தவர் பார்வை பட்டதும் எறும்புச் சாரையாகக் கிளம்பி வேறு இடத்தில் போய் நின்றன. இருவரும் சேர்ந்து பார்த்தால் கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, யார் குரல் பெரிதோ அவர் பக்கம் சாய்ந்தன. போனில் படம் பிடித்து அனுப்பினாலும் இதே கதைதான். மல்லிகை விலை ஏறியதைப் பேசுவதுபோல ஊர் இதை இரண்டு நாள் பேசியது, பிறகு பழகிவிட்டது.

வசுந்தராவுக்கு மட்டும் பழகவில்லை. அவள் அதைப் பொழுது போகாமல் வரையவில்லை, ஒரு குடும்பத்துக்காக வரைந்தாள். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அவள் தெருவில், துளசிராம் வீட்டு மாடியில் முகேஷ் என்ற பீகார்க்காரன் குடியிருந்தான். டைல்ஸ் ஒட்டுகிறவன். தெருவில் பாதி வீட்டுத் தரை அவன் முட்டி போட்டுப் பதித்தது, துளசிராம் வீட்டுப் பூஜை அறை உட்பட. அவன் மனைவி நிறைமாதம். பக்கத்துத் தெருவில் எவனோ ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியதிலிருந்து, வடக்கத்திக்காரர்களுக்கு இனிமேல் வீடு கிடையாது என்று தெருச் சங்கத்தில் பேச்சு கிளம்பியது. அறுத்தவன் யாரென்று இன்று வரை தெரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு முடிவெடுப்பதாக இருந்தார்கள். சங்கத் தலைவரும் துளசிராம்தான்.

இதில் வசுந்தராவுக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் உண்டு. அந்தத் தெரு முழுக்க சௌராஷ்டிரக்காரர்கள், அவளும்தான். குஜராத்திலிருந்து கிளம்பி, தலைமுறை தலைமுறையாக ஊர் ஊராகத் தங்கி, கடைசியில் வைகைக் கரையில் வந்து இறங்கியவர்களின் வம்சம். பழைய வழக்கத்தை விடாத கல்யாணங்களில் இன்றைக்கும் ஒரு வீட்டார், "எங்கிருந்து வந்தீர்கள்?" என்று கேட்பார்கள். சம்பந்தி வீட்டார் தாங்கள் வந்த வழியை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே வந்து மதுரையில் நிறுத்துவார்கள். அப்புறம் சந்தனம், தாம்பூலம். வசுந்தரா அதைத்தான் வரைந்தாள். ரயில் நிலைய வாசலில் பட்டு வேட்டியும் கையில் சந்தனக் கிண்ணமுமாகப் பெண்வீட்டுப் பெரியவர் நிற்கிறார், மூட்டை முடிச்சோடு இறங்குகிறவர்களைப் பார்த்து எங்கிருந்து வந்தீர்கள் என்கிறார். அவ்வளவுதான் படம். பேப்பர் ஆசிரியர் சூரியபிரகாஷ், "இது கல்யாணக் கேள்வின்னு கீழ ஒரு வரி போட்டுருவமாக்கா?" என்று கேட்டான். "எங்க தெருவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். மற்ற ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்தாலும் சரி, தன் தெரு பார்த்துச் சிரிக்கும், சிரித்த கையோடு கொஞ்சம் வெட்கப்படும் என்று நம்பினாள். அவள் செய்த பிழை அதுதான்.

முதலில் பாராட்டியது துளசிராம். பேப்பரை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நறுக்குன்னு கேட்டுட்டம்மா. இப்படித்தான் வாசல்லயே நிறுத்தி வச்சு விசாரிக்கணும். அந்தப் போலீஸ்காரன் மீசை பிரமாதம்."

"போலீஸா? அண்ணே, அது பொண்ணு வீட்டுக்காரரு. கையில சந்தனக் கிண்ணம் இருக்கு."

"லத்தி இருக்கு. வரைஞ்ச உனக்கே தெரியலயா?"

"போன தையில நம்ம தெரு ஸ்ரீவர்ஷினி கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சு நீங்க பதில் சொன்ன அதே கேள்விண்ணே இது."

"அது நம்ம பெருமை. இது வேறம்மா" என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

வேறாம். எது வேறு என்று அவரை நிற்க வைத்துக் கேட்டிருக்க வேண்டும். சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கட்டு கொண்டுவரும் நல்லகாமன் கதை இதைவிட மோசம். அவர் மகன் அழகுபாண்டி கத்தாரில் கம்பி கட்டுகிறான். டீக்கடையில் பேப்பரைப் பார்த்த நல்லகாமனுக்கு ரயில் விமானமாகத் தெரிந்தது, வரிசையில் முதல் ஆளாக அழகுபாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "எம்புள்ளய நிறுத்தி வச்சுக் கேள்வி கேக்க இவென் யாருடா?" என்று கடையிலேயே கண்ணீர் விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஒடிசாக்காரனைக் காட்டி, இவனுகளை எல்லாம் ஒரே ராத்திரியில் ரயிலேற்றி விட்டால்தான் நாடு உருப்படும் என்றும் சொன்னார். ஒரே வாய்தான் இரண்டையும் சொன்னது.

ஞாயிறன்று பஜனை மடத்துச் சுவரில் படத்தை ஒட்டிவைத்துக் கூட்டம் நடந்தது. வசுந்தரா படத்தை விளக்கிச் சொல்லத்தான் போனாள். அவள் எழுந்து நிற்பதற்குள் ஆளாளுக்குச் சத்தம் போட ஆரம்பித்தார்கள். சத்தம் ஏற ஏறச் சுவரில் கோடுகள் ஊர்ந்தன. அவள் கையால் வரைந்த சந்தனக் கிண்ணம், அவள் கண் முன்னாலேயே நீண்டு லத்தியானது. மூட்டைக்குள்ளிருந்து கத்தி முளைத்தது. வரைந்தவளுக்கே தான் வரைந்தது தெரியாமல் போன அந்த நிமிஷத்தில் அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "பொய், இது நான் வரைஞ்சதில்ல" என்று கத்தினாள். துளசிராம் பொறுமையாக, "உன் பேரு கீழ இருக்கேம்மா" என்றார். இருந்தது, அது மட்டும் மாறவே இல்லை. சாயங்காலத்துக்குள் முகேஷ் காலி செய்ய வேண்டும் என்று முடிவானது.

அவள் படத்தைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு நேராக முகேஷிடம் போனாள். கூட்டத்துச் சத்தத்தைக் கேட்டே அவன் சாமான்களைத் தெருவில் இறக்கி வைத்திருந்தான். அவன் மனைவி கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். இவனுக்காக வரைந்தது, இவன் ஒருத்தனாவது சரியாகப் பார்ப்பான் என்ற நினைப்பில் வசுந்தரா படத்தை நீட்டினாள். முகேஷ் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"சூப்பர்க்கா. கேட்ல நிக்கிறது நாந்தான?"

"நீயா?"

"ஆமாக்கா, என் மூஞ்சிதான். ரயில்ல இருந்து இறங்குறானுகளே, இவனுக எங்க ஊருக்கும் அந்தப் பக்கம். பாதிக் கூலிக்கு வேலை செய்வானுக. போன மாசம் என் ஆளு ரெண்டு பேருக்கு வேலை போச்சு. இவனுகள ஊருக்குள்ள விடவே கூடாதுக்கா."

வசுந்தரா போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. "அடப்பாவி, நடுத்தெருவுல சட்டி பானையோட நின்னுக்கிட்டுப் பேசுற பேச்சாடா இது? அந்தத் துளசிராமுக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம்?" என்று ஆரம்பித்து, தமிழில் தீர்ந்ததும் சௌராஷ்டிரத்திலும் திட்டினாள். முகேஷ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். கடைசியில் மெதுவாக, "அப்ப நாங்க போகணுமாக்கா?" என்றான்.

"போகச் சொன்னேனா? அடுப்பத் தூக்குடா. எங்க வீட்டு மாடிக்கு."

மாடி அவள் படம் வரைகிற அறை. வீடு அவள் அப்பா எழுதிக் கொடுத்தது, ஏனென்று அவளைக் கேட்க ஆளில்லை. நல்லவனாக இருந்தால்தான் கூரை கொடுப்பேன் என்று ஆரம்பித்தால் இந்தத் தெருவில் ஒருவருக்கும் வீடு மிஞ்சாது என்று துளசிராம் காதுபடச் சொல்லிக்கொண்டே, முகேஷ் மனைவியின் கையைப் பிடித்துப் படியேற்றினாள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. வசுந்தரா இப்போது சமையலறை மேஜையில் வரைகிறாள். அவள் படங்கள் எல்லாமே ஆளுக்கு ஒரு மாதிரி தெரிகின்றன, ஒரே பேப்பரைச் சண்டைக்காரர்கள் இரண்டு பேருமே வாங்குவதால் சூரியபிரகாஷுக்குச் சந்தோஷம். துளசிராம் அவளோடு பேசுவதில்லை. ரயில் படத்தை முகேஷ் மாடிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். அவனுக்கு இன்றைக்கும் வாசலில் நிற்பவன் அவன்தான். வசுந்தரா மாடிக்குப் போகும்போதெல்லாம் அதற்காக அவனைத் திட்டுகிறாள், திட்டி முடித்துவிட்டு அவன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே வருகிறாள்.