முந்தானை ஏந்திய எண்ணூற்று நாற்பத்தொன்றாம் ஆள்

கற்றறிந்தவரே, என் நரைத்த தலையின்மீதும், வாயில் எஞ்சியிருக்கும் நான்கு பற்களின்மீதும் ஆணையிட்டுச் சொல்கின்றேன்: இனி உரைக்கப்போவதில் ஓரெழுத்தும் பொய்யன்று.

கீழ்வானில் ஞாயிறு செம்பொன் தட்டென எழுந்து, முதலில் அரண்மனை முகடுகளையும், பின்பு செல்வர்தம் மாடங்களையும், கடைசியாக எங்கள் தெருவின் சாக்கடையையும் முறை பிறழாது தீண்டிய இளவேனிற் காலையொன்றில், மன்னர் மகளின் மணவூர்வலம் காண நகரமே திரண்டிருந்தது. பல்வலிக்காரன் பல்லை மறந்தான்; வழக்காடிய பங்காளிகள் ஒரே மதிற்சுவரின்மேல் தோளுரச அமர்ந்தார்கள்; தம் வீட்டுப் பெண் மணக்கையில் கொட்டாவி விட்டவர்களெல்லாம், முகமறியா அப்பெண்ணுக்காகக் கண்ணீர் துடைக்கக் கைத்துணி கொணர்ந்திருந்தார்கள்.

இளவரசியின் முந்தானையோ இரண்டு காதம் நீண்டது. அது மண்ணில் படாமல் ஏந்தி வர ஆயிரம் ஆடவர் அமர்த்தப்பட்டோம். பூட்டுத் திருத்தும் தொழிலனாகிய நான் எண்ணூற்று நாற்பத்தொன்றாம் ஆள். இளவரசி மணமன்றம் புகுந்து, மணம் முடித்து, விருந்துண்டு கையலம்பிய வேளையிலும் அதன் நுனி அரண்மனைப் படி இறங்கவில்லை. எனக்கு முன்னவன் பிடித்திருந்த மடிப்பில் சிட்டுக்குருவியொன்று கூடு கட்டி, முட்டையிட்டு, இரண்டு தெருக்கள் கடப்பதற்குள் குஞ்சும் பொரித்தது.

அதே காலையில் என் தங்கைக்கும் திருமணம். தாய்தந்தை இல்லாத அவள் துணி தேய்க்கும் கடையில் வேலை செய்தாள். அவள் விரும்பியவன் அடுமனையில் மாப் பிசைபவன். கடல்கடந்த ஊரில் அவனுக்கு வேலை கிடைத்து, அன்று மாலையே கப்பல். பதிவு செய்த மனைவியையன்றி வேறெவரையும் உடனழைத்துச் செல்ல இயலாது. பதிவேட்டில் பெண்ணின் உறவினர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். அவளுக்கிருந்த ஒரே உறவு நான். அரசத் திருமணத்தை முன்னிட்டுப் பதிவகமோ நண்பகலில் மூடி, பத்து நாள் கழித்தே திறக்கும். "ஊர்வலம் முடிஞ்சதும் ஓடி வந்துடுவேன்" என்று வாக்களித்திருந்தேன்.

ஊர்ந்து ஊர்ந்து வந்த முந்தானை, பதிவகத்தின் வாயிலெதிரே நின்றது. தன் கையாலேயே தேய்த்த, ஒரு சுருக்கமும் இல்லாத பருத்தியாடையில் என் தங்கை படியில் நின்றிருந்தாள்.

"அண்ணே! இங்க பாரு! ஒரே ஒரு கையெழுத்துதான், போட்டுட்டு ஓடிப் போயிடு. பன்னெண்டு அடிக்கப் போகுது!"

பின்னால் நின்றவன் என் விலாவில் இடித்தான். "யோவ், உன்னைத்தான் கூப்பிடுது. யாருய்யா அது?"

ஏந்துவோர்க்கென அரண்மனை தந்த பொன்னிழைச் சட்டைக்குள் நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "தெரியலப்பா. கூட்டத்துல யாரோ."

அவள் காதில் அது விழுந்தது. மாப் பிசைபவன் அவள் தோளைத் தொட்டு அமைதியாகச் சொன்னான்: "விடும்மா, இவரு வேற யாரோ. உங்க அண்ணன் இவ்வளவு நல்ல சட்டை போட்டு நான் பார்த்ததே இல்ல."

மணி பன்னிரண்டு அடித்தது. பதிவாளர் தும்மிக்கொண்டே கதவைச் சாத்தினார். மாலையில் கப்பல் போயிற்று; அவன் போனான்; அவள் போகவில்லை. அவனிடமிருந்து இரண்டு மடல்கள் வந்தன. மூன்றாவது வரவில்லை.

அன்று அந்தி மயங்குகையில், தலை நிமிராது வீட்டுக்குள் நுழைந்த என்னை அவள் வையவில்லை, அழவுமில்லை. தேய்த்த ஆடையை மடித்துப் பெட்டியில் வைத்தவாறே ஒன்றே ஒன்று கேட்டாள்:

"இளவரசி அழகா இருந்தாளாண்ணே?"

காலை முழுதும் எண்ணூற்று நாற்பதாம் ஆளின் பிடரியையன்றி வேறொன்றும் காணாத நான், "ரொம்ப" என்றேன்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. அந்த இளவரசியும் மூப்பெய்தி மறைந்தாள். அவள் பேத்தியின் மணத்துக்கும் இதே நகரம் இதே சுவர்களில் ஏறி அமர்ந்தது. அந்நாள் குறித்து எவர் வினவினும், "கையை எடுத்திருந்தால் அரசகுலத்தின் பெருமை மண்ணில் புரண்டிருக்குமே, நான் என்ன செய்வேன்" என்று விடையிறுத்தே வந்துள்ளேன், கேட்டவர் தலையசைப்பர், என் தங்கை மட்டும் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

அம்முந்தானையின் நீளம் ஆறு முழம், ஏந்தி வந்தவர்கள் சிறுமியர் இருவர், நான் பதிவகத்துக்கு எதிர்ச்சுவரின்மேல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன்.