பாதித் தையல்

உடல் அரிப்புக் கிராமத்துக் கரையில் ஒதுங்கியிருந்தது. வெறும் மண்ணெண்ணெய்க் கான் ஒன்றை இடுப்போடு சேர்த்துப் போர்வையால் கட்டியிருந்ததால் மிதந்திருக்கிறது. முகத்தை மீன்கள் விட்டுவைக்கவில்லை.

கடலில் காணாமல் போன படகில் சென்றவர்கள் இருவர். டிலோஜினியின் கணவன் மில்ரன், பக்கத்து வீட்டு நிறஞ்சலாவின் கணவன் றொட்னி. இருவரும் ஒரே உயரம், ஒரே உடல்வாகு.

பிணவறை வாசலில் பொலிஸ்காரர் போர்வையை வாங்குப் பலகையில் விரித்தார். "வடிவாப் பாருங்கோ. இது உங்கட ரெண்டு பேரில ஆற்றை?"

இருவருக்குமான போர்வைகளைப் பெண்கள் சேர்ந்திருந்து, ஆளுக்கு ஒன்றாகத் தைத்தார்கள். ஒரே துண்டுத் துணிகள், ஒரே கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் நடுவில் சதுரம், சுற்றி நான்கு பட்டிகள். முதல் பட்டியைப் பாதிவரைதான் தைக்க வேண்டும். மற்ற மூன்றையும் சுற்றிவரத் தைத்த பிறகே திரும்பி வந்து மீதிப் பாதியை மூடலாம். நிறஞ்சலாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. முதல் பட்டியை முழுதாக ஓட்டிவிடுவாள். பிறகு இருந்து பிரிப்பாள்.

"கலியாணத்துக்கும் இப்பிடித்தானேடி அவசரப்பட்டனீ," என்று டிலோஜினி சிரிப்பாள்.

பிரித்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாக நின்றுவிடும்.

டிலோஜினி போர்வையைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். கட்டத்துக்குக் கட்டம் துளைகள். ஆண்டவரே, நன்றி என்றுதான் முதலில் நினைத்தாள்.

நிறஞ்சலா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "உன்ர எண்டு சொல்லடி."

"நிறஞ்சி…"

"சொல்லு. உன்ர காலில விழுறன்."

டிலோஜினி பொலிஸ்காரரைப் பார்த்துச் சொன்னாள். "றொட்னியின்ர, சேர்."

உடல் தாங்காது என்று அன்று பின்னேரமே அடக்கம் என முடிவானது. அதற்கு முன் குளிக்க வாளி எடுப்பதற்காக டிலோஜினி பின்கொட்டிலுக்குப் போனாள். கிழிந்த வலைக் குவியலின் மேல் மில்ரனின் போர்வை கிடந்தது. நனைந்ததைக் காயப் போட்டுவிட்டு, எடுக்காமலே கடலுக்குப் போயிருக்கிறான். கட்டம் கட்டமாகத் தடவிப் பார்த்தாள். ஒரு துளையும் இல்லை.

அப்படியானால் படகில் இருந்தது ஒரே போர்வை. குளிர்ந்தவன் போர்த்தியிருப்பான். கடைசியில் எவன் கையில் அகப்பட்டதோ அவன் கட்டியிருப்பான். அது யார் என்று துணி சொல்லாது.

மாதா கோவில் மணி அடிக்கத் தொடங்கியது. போய்ச் சொன்னால் நிறஞ்சலாவிடமிருந்து அந்தச் சவத்தையும் பறித்ததாகிவிடும். சொல்லாவிட்டால் தன்னுடையவனையே அடுத்தவள் புருஷனாக அடக்கியதாகலாம். போர்வையை மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

சேமக்காலையில், குழியருகே, நிறஞ்சலாவை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். டிலோஜினியைக் கண்டதும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "உன்ர மனுசன் எண்டாலும் வருவாரடி."

டிலோஜினி அவள் கைகளை மெல்ல விடுவித்தாள். குழிக்குள் ஒரு பிடி மண் போட்டாள். மற்றவர்கள் போடுவதற்காக விலகி நின்றாள். எல்லோரும் போட்டு முடிந்தபின் திரும்பி வந்து, குனிந்து, இன்னொரு பிடி போட்டாள்.