சம்பந்திக்குக் காய்ச்சல்

மூன்றாவது முறையும் அதே இடத்தில்தான் அந்தக் கம்ப்யூட்டர் காலை வாரியது.

நாடகத்தில் கடைசிக்கு முந்தின காட்சி அது. விளக்குக்காரரின் தங்கை மேடையில் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வசனமே கிடையாது. வீட்டைவிட்டுப் போன மகன் வருவானா என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய். பார்த்துப் பார்த்து, இனி வரமாட்டான் என்று புரிந்ததும் தலையை நிமிர்த்துவாள். அப்போது சன்னல் வழியாக விடிகாலை வெளிச்சம் மெல்ல ஏற வேண்டும். ஏறவில்லை. மேலே அறையிலிருந்து விளக்குக்காரர் பட்டனைக் குத்து குத்தென்று குத்தியும் ஏறவில்லை. அவள் நிமிர்ந்தபடியே கழுத்து வலிக்க உட்கார்ந்திருந்தாள். கடைசியில் யாரோ திரையை இழுத்து மூடினார்கள்.

இயக்குநரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு இன்னொரு தடவை நின்னுச்சுன்னா அந்தக் காட்சியே வேண்டாம். நேரா கடைசிக் காட்சிக்குப் போயிடலாம்."

தங்கை அண்ணனைத் தேடிக்கொண்டு படியேறி வந்தாள். அவள் வாய் ஓயாமல் பேசுகிற ஜாதி. தூக்கத்தில்கூட யாரோடாவது வாதாடிக்கொண்டிருப்பாள் என்று அவள் கணவரே சொல்வார். அப்படிப்பட்டவளுக்குப் போய் இயக்குநரம்மா பேசாத வேஷத்தைக் கொடுத்திருக்கிறாரே என்று குழுவே வயிறு வலிக்கச் சிரித்தது. ஒத்திகையில் அவள் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. பல வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரி, கூட்டத்தில் மூன்றாவது பெண் என்றே காலம் தள்ளியவளுக்கு முதல்முறையாகத் தனக்கென்று ஒரு காட்சி கிடைத்திருந்தது.

"அதை எடுத்துட்டா எனக்கு இதுல என்ன அண்ணா இருக்கு? ரெண்டு தடவை தண்ணி கொண்டாந்து வைக்கிறேன். அவ்வளவுதான்."

"எடுக்க மாட்டாங்க. நானாச்சு."

"நீ சொன்னா ஆச்சா? உன் சம்பந்தி சொல்லணுமே!"

சம்பந்தி என்பது கம்ப்யூட்டர்தான். எப்போது எதற்குக் கோபித்துக்கொள்ளும் என்று தெரியாது. கோபித்தால் காரணம் சொல்லாது. கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சம்பந்தி மாதிரி, எல்லாரும் வந்து தாஜா பண்ண வேண்டும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் என்றால் என்னவென்றே அறியாத காலத்து இயங்குதளம். விளக்குகளை ஆட்டிவைக்கும் கார்டு அதன் வயிற்றுக்குள்தான் பொருந்தும், அதனோடு மட்டும்தான் பேசும். அதனால் சம்பந்தியை மாற்றினால் மொத்த விளக்கையும் மாற்ற வேண்டும். பெட்டி மேடையின் ஓரத்தில், திரைமறைவில் ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. அதன் கீபோர்டும் திரையும் மட்டும் நீளமான ஒயரில் மண்டபத்தின் பின்பக்கம், மாடியில் கண்ணாடி போட்ட அறையில் விளக்குக்காரரோடு இருந்தன. என்னைத் தவிர வேறு எவராவது அந்தப் பெட்டியைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

அவரும் சும்மா இருக்கவில்லை. ஒயரை மாற்றினார், மெமரியை மாற்றினார், விடிய விடிய ஓடவிட்டுப் பார்த்தார். அப்போதெல்லாம் சம்பந்தி தங்கமான மனுஷர். நாடகம் நடக்கும்போது மட்டும், அதுவும் அந்தக் காட்சியில் மட்டும்தான் இந்த அழும்பு. சூடாகிறதோ என்று ஒரு சந்தேகம். ஆனால் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்து தொட்டுப் பார்ப்பதற்குள் எல்லாம் ஆறிப்போயிருக்கும். காய்ச்சல் என்று தெரிய வேண்டுமானால், காய்கிற நேரத்திலேயே தெர்மாமீட்டர் வைக்க வேண்டும்.

மறுநாள் காலையிலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டார். கம்ப்யூட்டரின் சூட்டையும் அதற்குள் சுழலும் காற்றாடியின் வேகத்தையும் காட்டும் மென்பொருள்கள் இன்றைக்கு எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் ஒன்றாலும் சம்பந்தியின் வாசற்படியைக்கூட மிதிக்க முடியவில்லை. அந்தக் காலத்துக்கென்றே எழுதின ஒன்றைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தார். பழைய கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்த எவரோ ஒரு புண்ணியவான் தன் இணையப் பக்கத்தில் போட்டுவைத்திருந்தார். அதை உள்ளே ஏற்றுவது எப்படி? அந்தக் காலத்துச் சதுரத் தகடான பிளாப்பியைத் தவிர சம்பந்தி வேறெதையும் வாயில் வைக்காது.

பிளாப்பிக்கு எங்கே போவது என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தங்கையின் கணவர்தான் குழுவின் தையல்காரர். அவருடைய பழைய எம்பிராய்டரி மிஷினும் அதே காலத்துப் பிறவி. அது பூ போடுவதற்கு இன்னமும் பிளாப்பியில்தான் படிக்கும்.

"மாப்ள, ஒரு பிளாப்பி கிடைக்குமா?"

வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு மாப்பிள்ளை சொன்னார். "இருக்கு மச்சான். ஆனா அதுல மயில் இருக்கு."

"மயிலை அழிச்சாத்தான் ஆகும்."

"அழிங்க. அவ காட்சிக்காகன்னா மயில் என்ன, மொத்தத் தோட்டத்தையே அழிங்க."

மயில் போனது, மென்பொருள் வந்தது. ஓடவிட்டதும் திரையின் மூலையில் எண் தெரிந்தது. 255 டிகிரி.

விளக்குக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து பெட்டியின் மேல் கையை வைத்தார். கை வேகவில்லை. 255 என்றால் ஸ்டூலும் மேடையும் சேர்ந்தல்லவா புகைந்திருக்க வேண்டும்! தலையில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகுதான் உறைத்தது. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டினால் இந்த மாதிரிக் கம்ப்யூட்டர்கள் சொல்லும் பதில் அதுதான். மென்பொருள் தப்பான கதவைத் தட்டுகிறது. சூட்டை அளக்கும் சில்லு வேறு எங்கோ குடியிருக்கிறது.

பெட்டியைத் திறந்தார். மாப்பிள்ளை ஊசி கோக்கும்போது பிடிக்கும் பூதக்கண்ணாடியைக் கடன் வாங்கி, டார்ச் அடித்து, நகத்தளவு சில்லின் முதுகில் தேய்ந்துபோயிருந்த எண்ணைப் படித்தார். அந்த எண்ணுக்கு உரிய குறிப்பைத் தேடிப் பிடித்து, மாடிக்குப் போய் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் பழைய விலாசத்தை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். மறுபடி ஓடவிட்டார்.

41.

நம்பவில்லை. பட்டது போதும் என்று மனசு சொன்னது. மேக்கப் அறைக்கு ஓடி, அங்கே கிடந்த ஹேர் ட்ரையரை எடுத்துவந்து சம்பந்தியின் வயிற்றுக்குள் சூடான காற்றை ஊதினார். மேலே இருக்கும் திரையை மாப்பிள்ளை பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

"நாப்பத்திரெண்டு, மச்சான்! நாப்பத்தஞ்சு! அய்யய்யோ, நாப்பத்தொம்பது!"

விளக்குக்காரர் மேடையிலேயே ஒரு சுற்று ஆடினார். உடம்பு கனத்த மனிதர், பலகை அதிர்ந்தது. ஈரத் தலையோடு இயக்குநரம்மா வந்து நின்றார்.

"என் ட்ரையரை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"காய்ச்சல் ஏறுதும்மா!"

"யாருக்கு?"

"சம்பந்திக்கு!"

அந்தம்மா ட்ரையரைப் பிடுங்கிக்கொண்டு போனார். போகும்போது சிரித்துக்கொண்டே போனதாக மாப்பிள்ளை பிற்பாடு சத்தியம் செய்தார்.

மத்தியானம் முழு ஒத்திகை. எழுபத்தைந்தைத் தாண்டினால் சம்பந்தி பீப் என்று கத்த வேண்டும் என்று அமைத்துவிட்டு விளக்குக்காரர் மாடியில் உட்கார்ந்தார். காட்சிக்குக் காட்சி விளக்கு மாறியது, எண் ஐம்பதைச் சுற்றியே இருந்தது. தங்கை நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். விளக்கு மாறவில்லை, வேலை ஒன்றுமில்லை, எண் மட்டும் ஏறத் தொடங்கியது. அறுபது. அறுபத்தெட்டு. ஒரு வேலையும் செய்யாதவனுக்கு இப்படியா வியர்க்கும்? எழுபத்தைந்தைத் தாண்டியதும் சம்பந்தி கத்தியது. ஆனால் அந்தச் சத்தம் தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல அமுங்கிக் கேட்டது.

விளக்குக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, திரைமறைவுக்குள் பாய்ந்தார்.

அங்கே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். சம்பந்தி போர்வைக்குள் இருந்தது. வெறும் போர்வையா? கருநீலத் துணி, உள்ளே பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்து, ஓரத்தில் வெள்ளைப் பட்டி வைத்து, ஒயர் வெளியே வர அளவெடுத்து ஓட்டை விட்டு, அச்சாக அந்தப் பெட்டிக்கென்றே தைத்த உறை. தையலின் அழகைப் பார்த்து விளக்குக்காரருக்கு ஒரு கணம் கோபம்கூட மறந்துபோனது.

"என்ன மாப்ள இது?"

மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிப்போனது. "நீங்க தொடக்கூடாதுன்னு சொன்னீங்க. அதான் சொல்லல. அவ உக்காந்திருக்கும்போது இது விர்ருனு கத்துது மச்சான். முன் வரிசைக்கெல்லாம் கேக்குது. அவ அவ்வளவு கஷ்டப்பட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, இது என்னடான்னா... அதான், அந்தக் காட்சிக்கு மட்டும் போத்திட்டு, முடிஞ்சதும் எடுத்துருவேன்."

"அப்ப ஒவ்வொரு தடவையும் இது நின்னது..."

"நான் போத்துனதாலயா?" மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் பொண்டாட்டி காட்சியை நானே கெடுத்தேனா?"

அதற்குள் தங்கையும் எழுந்து வந்திருந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் என்மேல பாசம் வச்சே என்னைக் கொல்லுங்க!" என்றவள், கணவர் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "இதை எப்ப தச்சீங்க? எனக்கு ஒரு ஜாக்கெட் தைக்கச் சொன்னா நேரமில்லம்பீங்களே!"

மாப்பிள்ளை சொன்னது நிஜந்தானா என்று விளக்குக்காரர் உறையை எடுத்துவிட்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தார். நிஜந்தான். கண்ணாடி அறைக்குள் கேட்காத சத்தம் அங்கே காதுக்குள் புகுந்து குடைந்தது. இந்த இரைச்சலில் எந்தத் தாய் எந்த மகனுக்குக் காத்திருப்பாள்? போர்த்தினால் நின்றுபோகும், போர்த்தாவிட்டால் காட்சி பாழ். மாலைக் காட்சிக்கு அதிக நேரமில்லை.

மாடிக்குப் போய், மென்பொருள் எழுதிவைத்திருந்த எண்களை மறுபடி ஓட்டிப் பார்த்தார். முதல் காட்சியிலிருந்தே ஒரு விசித்திரம் இருந்தது. உறை இல்லாதபோதும், விளக்குகளை மாற்றும் நேரத்தைவிட, மாற்றாமல் காத்திருக்கும் நேரத்தில்தான் சம்பந்தி அதிகமாகச் சூடாகியிருந்தது. யோசித்ததும் விளங்கியது. இந்தப் பழைய அமைப்புக்கு ஓய்வெடுக்கத் தெரியாது. வேலை இல்லாவிட்டால், பட்டனை அழுத்தினாயா, அழுத்தினாயா, அழுத்தினாயா என்று கண்மூடித் திறப்பதற்குள் லட்சம் தடவை கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டுக் கேட்டே சூடாகும்.

ஓய்வெடுக்கச் சொல்லித்தரவும் ஒரு சின்ன நிரல் அதே புண்ணியவானின் பக்கத்தில் இருந்தது. கூப்பிடும்வரை தூங்கு, கூப்பிட்டதும் எழுந்திரு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மயிலுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் ரோஜாப் பூவும் போனது.

எண் இறங்கத் தொடங்கியது. நாற்பத்தைந்து, நாற்பது, முப்பத்து நாலு. இனிக் காற்றாடி இந்த ஓட்டம் ஓட வேண்டியதில்லை. அதே கண்காணிப்பு மென்பொருளை வைத்து அதன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். எண் நாற்பத்து மூன்று வரை ஏறி நின்றது. கீழே மாப்பிள்ளை பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"மச்சான், உயிரோட இருக்கா இது?"

"இருக்கு, இருக்கு! தூங்குது!"

தூங்கினவர் எழுந்திருப்பாரா என்பதுதான் மிச்சமிருந்த பயம். திரும்பத் திரும்பப் பட்டனை அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் விளக்கு ஏறியது. ஆனால் சோதித்துப் பார்க்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டு நாடகத்தில் முகத்தைத் திருப்புவதுதானே சம்பந்தியின் வழக்கம்?

மாலை. மண்டபம் நிறைந்திருந்தது. இயக்குநரம்மா முன் வரிசையில் இருந்தார். காற்றாடிச் சத்தம் கேட்கிறதா என்று தெரிய வேண்டுமே என்று விளக்குக்காரர் அறைக் கண்ணாடியை நகர்த்தித் திறந்துவைத்திருந்தார். தங்கை வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் இந்தக் காட்சிக்காகக் காற்றாடியின் வேகத்தைப் பாதியாக்கினார்.

மண்டபம் அமைதியானது. ஒரு நாற்காலி முனகியது. யாரோ பையை மடியிலிருந்து மெல்லத் தரையில் வைத்தார்கள். தங்கை மூச்சு விடுவது மாடிவரை கேட்டது. விளக்குக்காரர் எண்ணைப் பார்த்தார். நாற்பத்திரண்டு. தங்கையைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். நாற்பத்து மூன்று. மறுபடி தங்கையைப் பார்த்தவர், அப்புறம் எண்ணைப் பார்க்கவே இல்லை.

இத்தனை ஒத்திகையிலும் இத்தனை நாடகத்திலும் அவர் ஒருநாளும் இந்தக் காட்சியைப் பார்த்ததில்லை. நிற்குமோ நிற்குமோ என்று கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் தலை நிமிர்வதை மட்டும் ஓரக்கண்ணால் பிடிப்பார். இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறார். அவள் கதவைப் பார்த்த பார்வையில், அந்த அட்டைக் கதவுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு தெரு இருந்தது. மடியில் கிடந்த கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன, பிறகு விட்டுவிட்டன. ஐயோ என்று இருந்தது அவருக்கு. இவள் என் தங்கையா? இவ்வளவு பெரிய ஆளா?

அவள் தலையை நிமிர்த்தினாள்.

வெளிச்சம் வரவில்லை.

திரைமறைவில் மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்தது. கையில் உறைகூட இல்லை, பாவம், தன்னுடைய வெறுங்கையைத் தானே பார்த்துக்கொண்டார். இயக்குநரம்மா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். அவள் நிமிர்ந்தபடி இருட்டில் இருந்தாள், அசையவில்லை. போச்சு, மறுபடி நின்றுவிட்டது என்று விளக்குக்காரரும்தான் நினைத்தார். பதறிப்போய்த் திரையைப் பார்த்தார். நாற்பத்து மூன்று. சம்பந்திக்கு ஒரு குறையும் இல்லை. ஐயா எப்போது அழுத்துவார் என்று மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தது. அழுத்த வேண்டிய விரல் அவருடைய கன்னத்தில் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அழுத்தினார். சன்னலில் விடிந்தது.

கடைசிக் காட்சியும் முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் இயக்குநரம்மா படியேறி வந்துவிட்டார். விளக்குக்காரர் எழுந்து நின்றார்.

"வெளிச்சம் லேட்டா வந்துச்சே."

"மிஷின் மேல தப்பில்லம்மா. அது ஒழுங்காத்தான் இருந்துச்சு. நான்தான் அவளைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டேன். இதுக்காகக் காட்சியை எடுத்துடாதீங்க."

அந்தம்மா அவருடைய சிவந்த கண்களைப் பார்த்தார். தன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தது கண்ணாடியை அல்ல.

"எடுக்கிறதா? அவ நிமிர்ந்தும் விடியாம இருந்துச்சு பாருங்க, அப்பதான் எனக்கும் கண்ணு நிறைஞ்சுது. நாளையிலேருந்து அப்படியே வச்சிடுங்க."

"எவ்வளவு நேரம்மா விடணும்?"

"இன்னிக்குக் கண்ணைத் துடைக்க எவ்வளவு நேரம் ஆச்சோ, அவ்வளவு."