முப்பத்தாறைக் கூட்டினால்

1

"கதவுல இருக்கிற நம்பரைக் கொண்டுபோய்ப் பேப்பர்ல போட்டிருக்கீங்களே, மூளை இருக்கா, இல்ல அதையும் அச்சுக்குக் குடுத்துட்டீங்களா?"

"ஏதோ வரிசை எண்ணுன்னு நினைச்சேன்மா. மூணுல போகல, ஏழுல போகல, பதினொண்ணுலயும் போகல. அழகா இருந்துச்சு. விட மனசு வரல."

பக்கத்து வீட்டு அக்காவும் அவள் கணவரும் போட்ட சண்டை. இந்தக் கதை எனக்குக் கிடைத்த வழி இதுதான். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் நடுச்சுவருக்கு இருப்பது என்னுடைய காது.

2

(முதலில் "ஒரு ஊரில் ஒரு பூட்டுக்காரி" என்று தொடங்கி அடித்துவிட்டேன். கதை கேட்பவர் தூங்கிவிடுவார். இது தூங்கவிடாத கதை.)

பக்கத்து வீட்டு அக்கா எண்பூட்டு செய்பவள். குடிநீர் நிலையத்தில் குளோரின் உருளைகள் வைத்திருக்கும் அறைக்கும் அவள் பூட்டுதான். இரண்டு அதிகாரிகளிடம் ஆளுக்கொரு ரகசிய எண். இரண்டையும் அழுத்தினால் பூட்டு பெருக்கிப் பார்க்கும். விடை கதவில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போனால் திறக்கும். பொறித்த எண் 999,93,99,973. பெருக்குவது எளிது, பிரிப்பது பெரும்பாடு. அந்த நம்பிக்கையில் அதை ஊரறிய எழுதிவைத்தாள்.

அவள் செய்த தவறு ஒன்றே ஒன்று. லட்சத்துக்கு இந்தப் பக்கம் கடைசிப் பகா எண்ணையும், அந்தப் பக்கம் முதல் பகா எண்ணையும் எடுத்துக்கொண்டாள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் ரகசியம் தங்குமா? (என்னைக் கேளுங்கள்.) அந்தப் பெரிய எண்ணோடு முப்பத்தாறைக் கூட்டினால் 99,997-இன் வர்க்கம் வந்துவிடும். முப்பத்தாறு, ஆறின் வர்க்கம். ஆறைக் கழி, ஆறைக் கூட்டு: 99,991, 1,00,003. கதவு திறந்துவிடும். உள்ளே இருப்பது மூச்சை அடைக்கும் நச்சு வாயு. அங்கே காற்று எங்கள் தெருப் பக்கமாகத்தான் வீசும்.

பூட்டு மாட்டப் போன அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோன கணவர் கதவைப் பார்த்தார். அவர் ஞாயிறு இதழில் புதிர் போடுபவர். எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டுப் போட்டுவிட்டார்.

3

"சரியா எத்தனை பேரு சொன்னாங்க?"

"மூணு. ரெண்டு பேரு பேனா பரிசை வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"மூணாவது?"

"போன்ல சொன்னாரு. பேரு சொல்லல. இந்த நம்பரை எங்க சார் புடிச்சீங்கன்னு கேட்டாரு."

 நான் காதைச் சுவரோடு இன்னும் நெருக்கி வைத்தேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"…சொல்லிட்டேன்."

அவள் துணிந்து எழுந்து

[இல்லை. அவளுக்குத் துணிவே இல்லை. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். நிலையத்தில் தன் தவறைச் சொன்னால் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் எங்கள் தெருவே போகும்.]

சொன்னாள். வேறு பூட்டு வந்து சேரும்வரை அந்தக் கதவின் முன் நாற்காலி போட்டு, வருகிற ஒவ்வொருவரின் விரல்களையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்க்கப் பயமாம்.

4

முடிவு ஒன்று: அழைத்தவர் பரிசுக்குக் கூச்சப்படும் ஓய்வுபெற்ற கணக்கர். மனதுக்கு இதம். நம்ப முடியவில்லை.

முடிவு இரண்டு: எழுதினேன், கிழித்தேன். வீட்டில் பிள்ளைகள் படிப்பார்கள்.

உண்மையில் நடந்தது, அவளுக்கு இனிப் பூட்டு வேலை இல்லை என்றார்கள். இருவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். புது வீட்டுக் கதவில் வீட்டு எண்கூட எழுத விடவில்லையாம் அக்கா. கிளம்பும்போது கணவர் மூன்றாவது பேனாவை என்னிடம் தந்தார். "யாராவது கேட்டு வந்தா குடுத்துடுங்க."

அதில்தான் இதை எழுதுகிறேன். அழைத்தது நீங்களாக இருந்தால் மீதியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். பேனாவுக்காக மட்டும் வர வேண்டாம்.