மூன்று லிட்டர் சோப்பு

"எண்ணெய் லிட்டர்ல வேணுமா, கிலோவுலயா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானே, எதுலயாவது குடுங்க" என்றாள் தையல்காரி.

"நல்லா இருக்கே கதை! எண்ணெய் தண்ணியவிட லேசும்மா. ஒரு லிட்டர தராசுல வச்சா தொள்ளாயிரத்துச் சொச்சம் கிராம்தான் நிக்கும். கிலோ வேணும்னா இன்னும் கிட்டத்தட்ட நூறு மில்லி ஊத்தணும்."

அவள் எண்ணெயே வாங்கவில்லை. பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் வீட்டிலேயே சோப்பு காய்ச்சியிருந்தாள். மூன்று கிலோ தேங்காய் எண்ணெய் என்று வீடியோவில் சொன்னார்கள். காஸ்டிக் சோடாவை மட்டும் கிராம் பிசகாமல் நிறுத்தாள். எண்ணெய்க்கு ஒரு லிட்டர் பாட்டில் மூன்றைக் கவிழ்த்துவிட்டாள். அப்படியென்றால் எண்ணெய் குறைந்து, தோலைப் புண்ணாக்கும் காஸ்டிக் சோடா மிச்சப்பட்டுச் சோப்பிலேயே தங்கியிருக்கும்.

வந்ததும், வீட்டில் இன்னும் யாரும் தொடாத கட்டிகளில் ஒன்றை நனைத்து மணிக்கட்டில் தேய்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கழுவிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள், கை அரித்தது. சட்டைக் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்தாள். மறுபடியும் அதே தப்பு. மெஷினை மூடிவிட்டு எழுந்தாள்.

தன் வீட்டோடு போயிருந்தால் போகட்டும். பத்துக் கட்டிகளை ரிப்பன் கட்டி நாத்தனாரிடம் அல்லவா கொடுத்திருக்கிறாள்! கணவனின் அக்காவோடு வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. அவளுடைய மகளுக்கு இவள் தைத்த கவுன் இறுக்கமாகிவிட்டது என்று, "அளவெடுக்கத் தெரியாதவளெல்லாம் தையல்காரி" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள் அந்த அம்மாள். போன வாரம்தான் அந்தச் சோப்பைச் சாக்காக வைத்து உறவு ஒட்டியது.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன், இதுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?" என்றான் அவன்.

"வேணும்னே செஞ்சேன்னு நினைப்பாங்க. இல்லேன்னா மறுபடியும் அளவு தெரியாதவன்னு ஆரம்பிப்பாங்க."

நாத்தனாரின் எண்ணைத் தட்டினாள், மணி அடிக்குமுன் வைத்தாள். மறுபடி தட்டினாள், வைத்தாள். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். உட்கார இடம் இருந்தும் வழி முழுக்க நின்றே வந்தாள்.

கதவைத் திறந்த நாத்தனாரின் கன்னமிரண்டும் சிவந்து, தோல் உரிந்திருந்தது.

"அண்ணி, அந்தச் சோப்பு…" என்று தொடங்கினாள்.

"உள்ள வா முதல்ல. வெயில்ல முகம் காஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."

"வெயில் இல்லண்ணி. கிலோன்னு சொன்னதை நான் லிட்டர்ல ஊத்திட்டேன். அளவு தப்பிடுச்சு."

சொல்லிவிட்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். நாத்தனார் கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

"முதல் நாளே எரிஞ்சுது" என்றாள் மெதுவாக.

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"இவ்வளவு நாள் கழிச்சு நீயா படியேறி வந்து குடுத்தது. எரியுதுன்னு சொன்னா நீ மறுபடி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா? பிள்ளைங்களத் தொடவிடல. நான் மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டேன்."

தையல்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாத்தனாரோ அதற்குள் அடுக்களையிலிருந்து தராசையும் பாத்திரத்தில் ஒரு லிட்டர் எண்ணெயையும் தூக்கி வந்திருந்தாள்.

"லிட்டரும் கிலோவும் வேறயா? என்னால நம்ப முடியல."

"பாத்திரத்தோட எடையக் கழிங்க அண்ணி."

கழித்தாள். தொள்ளாயிரத்துப் பதினைந்து கிராம். "அடிப்பாவி, இத்தனை வருஷமா நானும் ஒண்ணுன்னுதான் நினைச்சேன்!"

சோப்புகளைப் பையில் போட்டு எண்ணியபோது தையல்காரியின் கை நின்றது. "அண்ணி, எங்க மாடி வீட்டுக்காரிக்கும் ரெண்டு குடுத்திருக்கேன். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கு."

"அதைச் சொல்லாம உக்காந்திருக்கியே, எழுந்திரு!" என்று நாத்தனார் செருப்பைத் தேடினாள். மாடி வீட்டுக்காரிக்குப் போன் போட்டார்கள், அவள் எடுக்கவில்லை. இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.