பதரோடு மூடிய பொட்டலம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாக ஆரம்பித்ததல்ல. மூலிகை விதைகளைப் பாதுகாப்பது பற்றி ஒரு பத்திரிகைக்காரர் கட்டுரை கேட்டார். "உங்க அண்ணி விதை வங்கியிலதானே இருக்காங்க? அவங்ககிட்ட நாலு கேள்வி கேட்டா வேலை முடிஞ்சுது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாலு கேள்வியோடு போனேன். மூன்றாவது கேள்விக்கே அண்ணி கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

அந்தக் கேள்வி: "இங்க இருக்கறதுல உங்களுக்கு ரொம்ப முக்கியமான விதை எது?"

(அசட்டுக் கேள்விதான். பிள்ளைகளில் யாரைப் பிடிக்கும் என்று தாயிடம் கேட்கிற ரகம்.)

2

கதைக்குத் தொடக்கம் தேடினேன்.

"மலைச்சரிவில் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மனிதர் மண்டியிட்டு, ஒரு கொடியின் காயை…"

அடித்துவிட்டேன். அந்த மனிதர் என் அண்ணன். அவரோடு நான் ஒரு தடவைகூட மலை ஏறியதில்லை, மூச்சு வாங்கும்.

"விதை என்பது உறங்கும்…"

ஐயோ, வேண்டாம்.

எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். படிக்கிற காலத்தில் நான் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கம், இரண்டே அறைகள் கொண்ட ஊழியர் குடியிருப்பு. ஃபிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் விதை உறைகள் இருக்கும். கட்டிலுக்கடியில் செய்தித்தாள் விரித்துக் காய்கள் உலரும். அந்த அறையில் யாரும் ஃபேன் போடக் கூடாது. வியர்த்து வடிய மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, ரேடியோ கேட்டுக்கொண்டே காய் உரிப்போம். விரலெல்லாம் கறை பிடித்து, பரீட்சைத் தாளில்கூட என் கைரேகை பச்சையாக இருந்தது.

அண்ணன் பறித்து வருவார், அண்ணி உலர்த்திச் சுத்தம் செய்து உறையிலிடுவார். இருவருக்கும் ஒரே ஒரு தீராத சண்டை. உரித்ததும் அண்ணன் உள்ளங்கையில் வைத்துப் பதரை ஊதித் தள்ளுவார்.

"ஊதாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? வாயில இருக்கற ஈரம் பூரா விதையில படுது."

"என் மூச்சு பட்டு முளைக்காத விதை எதுன்னு காட்டு பாப்போம்."

"ஆமா, தென்றலே நேர்ல வந்திருக்கு. தள்ளுங்க அந்தப் பக்கம்."

அந்த அறைக்கு நான் திரும்பப் போக முடிந்தால் என்ன வேண்டுமானாலும் தருவேன். வியர்வையோடுதான், ஃபேன் இல்லாமல்தான்.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல். அண்ணி என்கிற பாத்திரத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை.

நான் எழுதிவைத்திருப்பது இரும்பு மனுஷி. கடையில் வாங்கிய பருப்பில் ஒரு கல் அகப்பட்டால் கடைக்காரருக்குப் போன் போகும். அவரிடம் வேலை பழகும் பெண்கள் ஒரு துண்டுச் சருகை விட்டுவைத்தாலும் முழுத் தட்டையும் திரும்ப ஆயச் சொல்வார். எல்லாம் உண்மை. ஆனால் படித்துப் பார்த்தால் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது.

4

அண்ணன் கடைசியாக மலைக்குப் போய்வந்தபோது கொண்டுவந்தது ஒரு கொடியின் விதை.*

* பெயரை எழுதக் கூடாது என்று அண்ணி தடை போட்டிருக்கிறார். ஆறாத புண்ணையும் ஆற்றும் பால் அதில் உண்டு என்று ஆடு மேய்ப்பவர்கள் சொன்னதை அண்ணன் ஆய்வில் பாதிவரை நிரூபித்திருந்தார். பெயர் வெளியே போனால் வேரோடு பிடுங்க ஆள் கிளம்பிவிடும். மருந்துச் செடிக்கு அதன் புகழே எமன்.

"இந்தத் தடவை ஊதல. நீயே சுத்தம் பண்ணிக்கோ" என்று அண்ணியின் மேசையில் வைத்தார். விதை உலர் அறைக்குப் போனது. அது உலர்வதற்குள், ஒரு காலையில், ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்த அண்ணன்

(இந்த வாக்கியத்தைப் பலவிதமாக முடித்துப் பார்த்தேன். அண்ணன் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.)

வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போதே அண்ணி நிலையத்துக்குக் கிளம்பினார். "புருஷன் போய் நாலு நாள் ஆகல, ஆபீசுக்குப் போறா பாரு. கல்லு மனசு" என்றார் பெரியம்மா. என் முதல் பிரதியில் இந்தக் காட்சி கம்பீரமாக வந்திருந்தது. "கடமை அவரை அழைத்தது" என்றுகூட எழுதியிருந்தேன். வெட்கக்கேடு.

5

இடுக்கியைக் கீழே வைத்த அண்ணி சொன்னது இது. நான் எதையும் செதுக்கவில்லை.

"அன்னிக்கு அதைச் சுத்தம் பண்ணத்தான் போனேன். தட்டை இழுத்து முன்னாடி வச்சேன். காம்பு, தோலு, சருகு எல்லாம் அவர் கையால உருவினது. இதுல எதை எடுத்துக் குப்பையில போடுவேன், சொல்லு. கை வரல. பதரோட அப்படியே உறையில கொட்டி ஒட்டிட்டேன்."

"அதனால என்ன அண்ணி?"

"என்னவா? வேற யாராவது அப்படிப் பண்ணியிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். பதர் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். பூஞ்சையும் அதோடயே வரும். உள்ள இருக்கறது செத்துப் போயிருந்தா அது நான் பண்ணின வேலை."

"மறுபடி மலையில போய் எடுத்துட்டு வந்தா?"

"அந்தச் சரிவை வெட்டி ரோடு போட்டாச்சு. மத்த மலையெல்லாம் தேடியாச்சு. இந்தப் பொட்டலம் மட்டுந்தான்."

சில வருடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு உறையிலிருந்தும் கொஞ்சம் எடுத்து முளைக்கிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம். இந்த உறையின் முறை வரும்போதெல்லாம், "விதை ரொம்பக் கம்மி, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று அண்ணி தள்ளிவைத்திருக்கிறார். அவர் பேச்சை அங்கே யார் மறுப்பார்கள்?

"அடுத்த மாசக் கடைசியில ரிடயர் ஆயிடுவேன். எனக்கப்புறம் வர்றவங்க இதைத் திறந்து, எந்தப் புண்ணியவதி இப்படி அசிங்கமா மூடினான்னு கேப்பாங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "திறந்துடலாமா?"

என்னைத்தான் கேட்டார். விதையைப் பற்றி என்னிடம் அவர் எதையும் கேட்டதே கிடையாது.

6

திறந்தோம். குளிர் அறையிலிருந்து எடுத்துவந்த உறையில் குளிர் போகும்வரை காத்திருந்து கத்தரித்தோம். விதைகள் ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது, பதர்தான் அதிகம். அண்ணி ஒவ்வொரு சருகாக இடுக்கியால் எடுத்து ஒரு தாளில் வைத்தார். அவசரமே இல்லை. வெளியே மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். நாங்கள் போகவில்லை.

சுத்தம் செய்து முடித்ததும் அந்தப் பதரை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அது எதுக்கு அண்ணி?"

"உனக்கெதுக்கு? கதையில எழுதறதுக்கா?"

(ஆமாம் அண்ணி.)

பாதியைத் திரும்ப உறையிலிடலாமே என்றேன். "செத்திருந்தா பாதி வச்சு என்ன? உயிரோட இருந்தா இன்னும் எத்தனை நாள் தாங்கும்? போட்டா மொத்தமாப் போடணும்" என்றார். ஈரத் தாள் விரித்த கண்ணாடித் தட்டுகளில் விதைகளைப் பரப்பி, அலுமினியத் தாளால் சுற்றினார். இருட்டில்தான் அது முளைக்குமாம். சில வாரங்களுக்கு யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. முளைப்புப் பெட்டியின் கதவைச் சாத்திவிட்டு, அது சாத்தியிருக்கிறதா என்று இரண்டாம் தடவையும் இழுத்துப் பார்த்தார்.

7

அந்த வாரங்களில் நான் சும்மா இருந்தேனா? முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் எல்லா விதையும் முளைத்துவிட்டது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, உடனே சந்தேகமும் வந்தது. இன்னொன்றில் தட்டு முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. அது ரொம்ப நன்றாக வந்திருந்தது, அதனாலேயே அதன்மேல் எரிச்சலாக இருந்தது. மூன்றாவதில் ஒரே ஒரு முளை. வாசகரோடு பேரம் பேசுகிறவர்கள் எழுதுகிற முடிவு.

மூன்றையும் அண்ணிக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"மூணுமே தப்பு."

"ஏன் அண்ணி? முளைக்கறதும் முளைக்காததும் தவிர வேற என்ன நடந்துடப் போகுது?"

"அதில்ல. மூணுலயும் நான் நேரா நிமிந்து நின்னுக்கிட்டு இருக்கேன்."

8

இன்று தட்டுகளைப் பிரிக்கிற நாள். நான்காவது முடிவை எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணி வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு முளைப்புப் பெட்டியின் முன்னால் போய், அலுமினியத் தாளின் ஓரத்தை விரலால்

வாசலில் ஹாரன் அடிக்கிறது. அண்ணியின் வண்டி. நிலையத்துக்கு எதிர்த்திசையில் இருக்கிறது என் வீடு. இவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"எழுதினது போதும், வா. தனியாப் பிரிக்க எனக்குப் பயமா இருக்கு."

நான்காவது முடிவிலும் நிமிர்ந்துதான் நிற்க வைத்திருந்தேன். அது தப்பு. முளைத்ததா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் அண்ணி பக்கத்தில் இருக்க வேண்டும்.